அடித்து எழுதிய பெயர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கல்லூரிக் காலத்திலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பார்த்த படங்களில் மனத்துக்கு நெருக்கமானவற்றை மட்டும் அதில் எழுதுவேன். இப்போது 43 படங்கள் இருக்கின்றன. சென்ற மாதம் நண்பர்கள் சிலர், ஆளுக்குப் பத்துப் படங்களைச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் என் நோட்டிலிருந்து வாசித்தேன். முதல் பெயர் 'முள்ளும் மலரும்'. "இது உன்னை அழவைத்த படங்களின் பட்டியல், நல்ல படங்களின் பட்டியல் இல்லை" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெயரை அடித்துவிட்டு, எல்லோரும் மதிக்கும் அமெரிக்கப் படமான 'சிட்டிசன் கேன்' என்று எழுதினேன். அதை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். மதிக்கிறேன், அவ்வளவுதான். 'முள்ளும் மலரும்' படத்தை எட்டு முறை பார்த்தவள் நான். கடைசிக் காட்சியில் எட்டு முறையும் அழுதிருக்கிறேன்.

பிடித்த படம் வேறு, நல்ல படம் வேறா? ஒரு படம் பிடித்திருப்பதற்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டுமா? உங்களுக்கு மிகவும் பிடித்த படங்கள் எவை, ஏன்? (இன்னொரு படத்தின் பெயரையும் இங்கே எழுதியிருந்தேன். நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று அழித்துவிட்டேன்.)

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நோட்டை எடுத்து, அடித்த பெயருக்கு மேலேயே 'முள்ளும் மலரும்' என்று மறுபடியும் எழுதிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு. அழவைப்பதற்கென்றே எடுக்கப்படும் படங்கள் இருக்கின்றன. பாத்திரம் அழும், பின்னால் வயலின்கள் சேர்ந்து அழும், கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். வேறு வழியில்லாமல் நாமும் அழுவோம். அரங்கைவிட்டு வெளியே வருவதற்குள் அந்தக் கண்ணீர் காய்ந்துவிடும். ஆனால் நீங்கள் எட்டு முறை அழுத காட்சி அந்த வகையில் சேருமா? அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காளிக்கு வேலை போயிற்று, ஒரு கையும் போயிற்று. மிச்சமிருப்பது தங்கை வள்ளி. அவளும் அவனுக்குப் பிடிக்காத எஞ்சினியரை மணப்பதற்காக ஊராரோடு புறப்பட்டுப் போகிறாள். அவன் தனியாக நிற்கிறான். இந்த இடத்தில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு இரண்டு பக்கம் வசனம் எழுதுவது மகேந்திரனுக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. வசனத்துக்காகப் பேசப்பட்ட 'தங்கப்பதக்கம்' (1974) அவர் எழுதியதுதான். அந்தக் கை, 1978இல் தன் முதல் படத்தை இயக்க வந்தபோது, பேனாவை மூடி வைத்துவிட்டது. போய்க்கொண்டிருப்பவள் திரும்புகிறாள், ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அவள் வந்துவிட்டாள் என்பதே காளிக்குப் போதுமானதாக இருக்கிறது. தானே அவளை அழைத்துப்போய் எஞ்சினியரிடம் ஒப்படைக்கிறான். அப்போதும், உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொல்லிவிடுகிறான்.

அவன் திருந்திவிடவில்லை. அரை அங்குலம் நகர்ந்திருக்கிறான். அந்த அரை அங்குலம் நகர அவன் எவ்வளவு இழக்க வேண்டியிருந்தது என்பது இரண்டு மணி நேரமாகக் கூடவே இருந்த நமக்குத் தெரியும். நீங்கள் அழுவது அதற்காக. அந்த அழுகை கெட்டிக்காரத்தனமான அழுகை. அதைப் பற்றி யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த படங்களை எண்ணிப் பார்த்தால் எல்லாவற்றிலும் இந்தக் குணம் இருக்கிறது. மிக முக்கியமான இடம் வரும்போது படம் வாயை மூடிக்கொள்கிறது. மிச்சத்தை என்னிடம் விட்டுவிடுகிறது. என்னை நம்பி விட்டுவைக்கும் படங்களை நான் நேசிக்கிறேன். பத்து வேண்டாம், அவற்றில் மூன்று நான்கைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே 'பதேர் பாஞ்சாலி' (1955). ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் படம்பிடித்து, கைப்பணம் தீர்ந்து பாதியில் நின்று, பின்பு மேற்கு வங்க அரசின் பணத்தில் சத்யஜித் ராய் முடித்த படம். ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ராவுக்கு அப்போது வயது 21. அதற்குமுன் அவர் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. அக்காவும் தம்பியும் வெள்ளைப் பூக்கள் பூத்த நாணல்காட்டில் ரயிலைத் தேடிப் போகும் காட்சியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போனால் பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரும்வரை காத்திருந்தார்கள். இந்த இழுபறிக்கு நடுவே சிறுவன் அபுவின் குரல் உடையவில்லை, சிறுமி துர்கா பெரியவளாகிவிடவில்லை, முதிய அத்தையாக நடித்த சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை, இந்த மூன்றும் அற்புதங்கள் என்று ராய் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இவையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. முதல் முறை பார்த்தபோது எனக்குள் தங்கியது ஒரு பாசிமணி மாலை.

அண்டைவீட்டுப் பெண், தங்கள் வீட்டு மாலையைத் துர்கா திருடிவிட்டாள் என்று வந்து கத்துகிறாள். இல்லை என்கிறாள் துர்கா. அவமானம் தாங்காமல் தாய் அவளை முடியைப் பிடித்து இழுத்துப்போய் வெளியே தள்ளுகிறாள். பார்க்கிற நமக்கு, அந்தப் பிள்ளை எடுத்திருக்க மாட்டாள் என்றே படுகிறது. பிறகு மழை, காய்ச்சல், துர்காவின் சாவு. ஊரைவிட்டுப் போவதற்காகச் சாமான்களைக் கட்டும் நேரத்தில், உயரத்தில் கிடந்த ஒரு கிண்ணத்தை அபு எடுக்கிறான். உள்ளே அந்த மாலை இருக்கிறது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். நீரை மூடியிருந்த பாசி விலகி ஒரு கறுப்பு வட்டம் திறக்கிறது. பின்பு பாசி மெதுவாக நகர்ந்து நகர்ந்து அந்த வட்டத்தை மூடுகிறது. கேமராவுக்கு எந்த அவசரமும் இல்லை, அது பார்த்துக்கொண்டே நிற்கிறது.

அவள் எடுத்துத்தான் இருக்கிறாள். அது தெரிந்த ஒரே ஆள் தம்பி. இனி யாருக்கும் தெரியாது. அக்கா இறந்தபோது அந்தப் பையன் அழுததைவிட, அவளுடைய பெயரை இப்படிக் காப்பாற்றியதுதான் என்னை உலுக்கியது. இவ்வளவும் ஒரு வார்த்தைகூட இல்லாமல் நடக்கிறது.

இதற்குச் சற்று முன்னால் வரும் இன்னொரு இடத்தையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மகள் இறந்தது தெரியாமல் தந்தை வெளியூரிலிருந்து திரும்புகிறார். வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார், துர்காவுக்கென்று வாங்கிய புடவையையும் நீட்டுகிறார். அதுவரை கல்லாக இருந்த தாய் உடைந்து கதறுகிறாள். அந்தக் கதறல் நமக்குக் கேட்பதில்லை. அவள் குரல் இருக்க வேண்டிய இடத்தில் தார் ஷெனாய் என்னும் நரம்பு வாத்தியத்தின் உச்ச ஸ்தாயி ஒலிக்கிறது. தாயின் அழுகையை நம் காதிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வாத்தியத்தை வைக்கும் துணிச்சல், முதல் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை வியக்கிறேன்.

அடுத்தது ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953). வயதான தம்பதியர் நகரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது, அவரவர் பிழைப்பு அவரவருக்கு. பெற்றோரைக் கடலோர விடுதி ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரவெல்லாம் அங்கே இரைச்சல். மறுநாள் காலை இருவரும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். எழும்போது அந்த அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, அப்படியே குனிந்துவிடுகிறாள். கணவர் என்னவென்று கேட்கிறார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, வேறொன்றுமில்லை என்கிறாள். இருவரும் சுவர்மேல் சிறு உருவங்களாக நடந்து போகிறார்கள். இசை எச்சரிப்பதில்லை, அவள் முகம் அண்மைக் காட்சியில் வருவதில்லை. படத்தின் பெரிய துக்கம் அந்தச் சில நொடிகளிலேயே தொடங்கிவிட்டது என்பது நமக்குப் பிறகுதான் உறைக்கிறது.

இந்தக் காட்சிக்கு நான் தனிப்பட்ட முறையில் கடன்பட்டவன். இதைப் பார்த்த சில நாட்களுக்குள், என் அம்மா நாற்காலியிலிருந்து எழும்போது முதலில் ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொள்வதைக் கவனித்தேன். எத்தனை காலமாக அப்படிச் செய்துவந்தாரோ தெரியாது. ஒரே வீட்டில் இருந்தும் என் கண்ணில் பட்டதில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போனேன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கினார்கள். அதன்பின் அம்மா பல ஆண்டுகள் நன்றாக இருந்தார். ஒரு படம் ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அம்மாவின் அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

கணவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயதுதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மனைவி இறந்த விடியலில் அவர் வெளியே தனியாக நிற்கிறார். மருமகள் தேடி வருகிறாள். விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் போலிருக்கிறது என்கிறார். அதற்குமேல் அவரிடமிருந்து எதையும் பிடுங்க ஓசு முயல்வதில்லை.

தமிழில் அந்த அளவுக்கு என்னைப் பாதித்த படம் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்த படம். தகுதியான விருது. ஆனால் என் மனம் போய் நிற்பது தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரிடம். பாதி எழும்பிய வீட்டை ஒருநாள் அவர் தனியே பார்க்கப் போகிறார். பூசாத சுவர்களைத் தொட்டுத் தொட்டு ஒவ்வோர் அறையாக நடக்கிறார். இளையராஜாவின் இசைத் தொகுப்பிலிருந்து எடுத்த இசை மட்டும் கூட வருகிறது. குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போலத்தான் அந்தச் செங்கலைத் தொடுகிறார். வாழ்நாள் முழுவதும் வாடகை வீட்டில் இருந்த ஒருவரின் கை வேறெப்படித் தொடும்? திரும்பும் வழியில் இறந்துபோகிறார். அந்த வீட்டின் கதி என்ன ஆகிறது என்பதைப் படம் கடைசியில் சொல்கிறது. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை, நீங்களே பாருங்கள். ஒரு குடும்பம் வீடு கட்டுவதைக் காட்டிலும் எளிய கதை கிடையாது. அதைத் துப்பறியும் கதையின் பதற்றத்தோடு பார்க்க வைத்தது இன்றும் எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

இன்னொரு ஜப்பானிய இயக்குநரான குரோசாவாவின் 'இகிரு' (1952) பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். சாகப்போகிற ஓர் அரசு ஊழியர் குழந்தைகளுக்காக ஒரு பூங்கா கட்டுகிறார். வேறு எந்தப் படமாக இருந்தாலும் அவர் கட்டிய விதத்தைக் காட்டிக் கடைசியில் சாகவைத்திருக்கும். இதில், அவர் வேலையைத் தொடங்கியதுமே அடுத்து நாம் பார்ப்பது அவருடைய இறுதிச் சடங்கு. கூடியிருப்பவர்கள் குடித்துக்கொண்டே அரைகுறையாக ஞாபகப்படுத்திச் சொல்வதிலிருந்து அவரை நாம் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பனியில் ஊஞ்சலாடும் காட்சியை எல்லோரும் புகழ்வார்கள். அது அவ்வளவு உயர்ந்து நிற்பதற்குக் காரணம், அதற்குமுன் நெடுநேரம் அவரை நம்மிடமிருந்து பறித்து வைத்ததுதான் என்பது என் எண்ணம்.

இப்போது 'சிட்டிசன் கேன்' (1941). நானும் உங்களைப் போலத்தான். 25 வயதில் அதன் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் செய்த வேலையைப் பார்த்தால் தலை தானாக வணங்குகிறது. அண்மையில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே கூர்மையோடு தெரியும் கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவைப் பாடமாகவே வைக்கலாம். இருந்தும், மனம் சோர்ந்த ஒரு மாலையில் அந்தப் படத்தைத் தேடி நான் போனதில்லை. ஒரு நிமிடம் மட்டும் விதிவிலக்கு. பெர்ன்ஸ்டீன் என்ற கிழவர், 1896இல் படகில் போனபோது எதிரே வந்த படகில் வெள்ளை உடையும் வெள்ளைக் குடையுமாக நின்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். பார்த்தது ஒரு நொடி. அவள் இவரைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு அவளை நினைக்காமல் ஒரு மாதம்கூடப் போனதில்லை என்கிறார். எத்தனையோ வித்தைகளைக் காட்டும் அந்தப் படம் அவளை மட்டும் காட்டுவதில்லை. கிழவரின் முகத்தோடு நிறுத்திக்கொள்கிறது. படம் முழுவதிலும் நான் நேசிக்கும் இடம் அது ஒன்றுதான். அந்த ஒரு நிமிடத்துக்காக அந்தப் பெயரையும் உங்கள் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேறொரு பக்கத்தில்.

காரணம் சொல்லத் தெரிய வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பிடிப்பதற்குத் தேவையில்லை. ஆனால் தேடிப் பாருங்கள். யாரிடமும் வாதாடி வெல்வதற்காக வேண்டாம். தேடும்போது அந்தக் காட்சியை மறுபடியும், முன்னைவிட மெதுவாக, மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பீர்கள். குளத்துப் பாசி எப்படி மூடிக்கொண்டது என்று யோசித்து யோசித்துத்தான் நானே அபுவைப் புரிந்துகொண்டேன். உங்கள் நோட்டில் பெயர்களை மட்டும் எழுதியிருப்பதாகத் தெரிகிறது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு கையையோ, ஒரு பார்வையையோ, ஒரு கதவு சாத்தப்பட்ட விதத்தையோ இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். அப்படி எதுவுமே ஞாபகத்துக்கு வராத படங்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.

கூடவே, கடிதத்தில் அழித்துவிட்ட அந்தப் படத்தின் பெயரையும் எழுதுங்கள். நான் பார்த்திராத படமாக இருந்தால் இந்த வாரமே பார்க்கிறேன்.

அன்புடன்.