மகள் செய்திக்குறிப்பு எழுதப் போகிறேன் என்றால்

இலக்கியம் படித்த மகள், சிறு நிறுவனங்களுக்குச் செய்திக்குறிப்பு, அதாவது பத்திரிகைகளுக்கு அனுப்பும் அறிவிப்பு, எழுதித் தரப்போகிறேன் என்கிறாள், இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் அம்மா. ஆனால் அதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். அவள் எழுதிய குறிப்பு ஒன்றை வாங்கி, முதல் இரண்டு வரியை மட்டும் படியுங்கள்.

“தரத்திலும் சேவையிலும் முன்னணியில் திகழும் எங்கள் நிறுவனம் பெருமகிழ்ச்சியுடன் அறிவிப்பது” என்று தொடங்கினால், அவள் இன்னும் முதலாளி சொன்னதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதே செய்தியை இப்படியும் எழுதலாம்: “பழுதான சக்கர நாற்காலியை வீட்டுக்கே வந்து ஒரே நாளில் சரிசெய்து தரும் சேவையை, மூன்று பேர் நடத்தும் பட்டறை ஒன்று வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது.” யார், என்ன, எப்போது என்பதெல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. அதைவிட முக்கியம், நாற்காலி உடைந்து வீட்டில் முடங்கிக் கிடப்பவருக்கு இது உடனே தேவைப்படுகிற தகவல். நிருபர் தேடுவது இதைத்தான். கடைக்காரரின் பெருமை அவருக்கு வேண்டாம், அவருடைய வாசகருக்கு என்ன பயன் என்பதுதான் வேண்டும். இந்தப் பார்வை வந்துவிட்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

இந்தத் தொழிலின் தொடக்கமே அப்படித்தான். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில் நிறுவனத்துக்காக வேலை செய்த ஐவி லீ, முன்பு பத்திரிகை நிருபராக இருந்தவர். நடந்ததை மூடி மறைக்காமல் எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் சொல்வது இதைத்தான். அதை அச்சில் ஏற்றியது புகழ்ச்சி இல்லை, தகவல்.

சரி, மற்ற விஷயங்கள். குறிப்பு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் கடைசிப் பத்தியிலிருந்துதான் வெட்டுவார், அதனால் முக்கியமானது மேலே வர வேண்டும். உரிமையாளரின் மேற்கோள் அவர் வாயில் வரக்கூடிய பேச்சாக இருக்கட்டும். “என் அப்பாவின் நாற்காலி உடைந்து பதினைந்து நாள் அவர் வாசலுக்குக்கூட வரவில்லை, அப்போதுதான் இது தோன்றியது” என்று அவர் சொன்னால் அந்த ஒரு வரி போதும். அடியில் ஒரு தொலைபேசி எண், கூப்பிட்டால் யாராவது எடுக்கிற எண். குறிப்பை இணைப்பாக அனுப்பாமல் மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்ட வேண்டும். முந்நூறு முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் தட்டிவிடுவதைவிட, அந்தத் துறையைப் பற்றித் தொடர்ந்து எழுதும் ஐந்து நிருபர்களைப் படித்துப் பார்த்து, அவர்களுக்கு மட்டும் அனுப்புவது மேல். பதில் வராவிட்டால் ஒரே ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் போனால் தொல்லை.

வருமானம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனியாகச் செய்தால் முதல் வருடம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். அதனால் மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றில் ஓரிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வருவது நல்லது என்பது என் எண்ணம். தனியாக வந்தபிறகு ஒன்றில் மட்டும் அவள் உறுதியாக இருக்க வேண்டும். “கட்டாயம் செய்தி வரும்” என்று எந்த வாடிக்கையாளருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. போடுவதா வேண்டாமா என்பது ஆசிரியரின் முடிவு. காசு கொடுத்து வரவைப்பது விளம்பரம். எழுதுவதற்கும் அனுப்புவதற்கும்தான் அவள் கூலி வாங்க வேண்டும், வெளியாவதற்கு இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது.

இப்போதைக்கு, தெரிந்த மூன்று சிறு தொழில்காரர்களிடம் போய், அவர்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டு, ஆளுக்கொரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு, அந்த மூன்றையும் எடுத்துவாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படித்துவிடுவோம்.