வெங்காய வரியும் வர்த்தமானியும்: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்பின் ஐயா,

திறந்த பொருளாதாரம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம். அப்பா தோட்டம் செய்கிறவர். நான் வேலைக்குப் போய் வந்து பின்னேரங்களில் அவருக்கு உதவுகிறேன். நாங்கள் உருளைக்கிழங்கு கிண்டுகிற நேரம் பார்த்து வெளிநாட்டுக் கிழங்கு வந்து இறங்குகிறது. வெங்காயத்துக்கும் இதே கதைதான். பிரதமர் சிறிமா பண்டாரநாயக்க காலத்தில் இறக்குமதியை நிறுத்தினார்கள், எங்கட ஆக்கள் கல்வீடு கட்டினார்கள், உழவு மெசின் வாங்கினார்கள் என்று அப்பா சொல்வார். இப்போது ஏன் அப்படிச் செய்ய முடியாது? உலக வர்த்தக அமைப்பு கையைக் கட்டி வைத்திருக்கிறது என்கிறார்களே, உண்மையா? பணக்கார நாடுகள் தங்கள் விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுக்கும்போது நாங்கள் மட்டும் ஏன் சந்தையைத் திறந்துவிட வேண்டும்?

ஒரு வாசகர், புத்தூர்

அன்பின் தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதில் உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. 1995இல் உலக வர்த்தக அமைப்பின் விவசாய உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை யார் அள்ளிக் கொடுத்தார்களோ அவர்களுக்கே தொடர்ந்து கொடுக்கிற உரிமையும் எழுதிக் கொடுக்கப்பட்டது. சந்தை விலையைக் குழப்பும் வகை மானியமாக ஐக்கிய அமெரிக்கா வருடத்துக்கு 1,910 கோடி டொலர் வரை கொடுக்கலாம். முன்பு அப்படிக் கொடுக்க வசதியில்லாத எங்களைப் போன்ற நாடுகளுக்கு உற்பத்தி மதிப்பில் 10 வீதம் என்ற வரம்பு மட்டும். இறக்குமதி திடீரென்று குவிந்தால் மேலதிக வரி போடுகிற விசேட பாதுகாப்பு சில உறுப்பினர்களுக்கு மட்டும் கிடைத்தது. இலங்கை அதில் இல்லை.

பருத்தியில் நடந்ததைப் பாருங்கள். பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி நான்கும் 2003இல் அமெரிக்க மானியத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டன. பிரேசில் வழக்கே போட்டு வென்றது. கடைசியில் 2014இல் பிரேசிலுக்கு 30 கோடி டொலர் கொடுத்து அமெரிக்கா கணக்கை முடித்துக்கொண்டது. அந்தப் பணம் கொடுக்கப்பட்டது பிரேசிலுக்கு, ஆபிரிக்க நாடுகள் நான்குக்கும் அல்ல.

ஆனால் இந்தக் கோபத்தை அப்படியே புத்தூருக்குக் கொண்டுவர முடியாது. உங்கள் அப்பாவின் வெங்காயத்தோடு போட்டி போடுகிறவர் அமெரிக்கப் பண்ணை முதலாளி அல்ல, மகாராஷ்டிராவில் நாசிக் பக்கத்துச் சிறு விவசாயி. கிழங்கு பெரும்பாலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் இருந்து வருகிறது. 2023 டிசம்பர் 8இல் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து 2024 மே மாதம் வரை வைத்திருந்தது. தேர்தல் வரும் நேரத்தில் நகரத்தார் முகம் சுளிக்கக் கூடாது என்ற கவலை. நாசிக்கில் விலை விழுந்து விவசாயிகள் வீதியை மறித்தார்கள். இங்கே பம்பாய் வெங்காயம், அதாவது இறக்குமதியாகும் பெரிய வெங்காயம், எட்டாத விலைக்குப் போனது, சனம் எங்கள் வெங்காயத்தின் பக்கம் திரும்பியது. அவர்களுக்கு வயிற்றெரிச்சல், எங்களுக்கு நல்ல விலை. இரண்டையும் தீர்மானித்தது டெல்லி.

சரி, கை கட்டப்பட்டிருக்கிறதா? பெருமளவுக்கு இல்லை. விவசாயப் பொருட்களுக்கு 50 வீதம் வரை வரி போடலாம் என்று இலங்கை ஒப்புக்கொண்டிருக்கிறது. அது சின்ன இடம் அல்ல. கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் இங்கே விழுவது 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற இறக்குமதி வரி. கிலோவுக்கு இவ்வளவு ரூபா என்று போடுகிறார்கள். சரக்கு மலிவாக வந்தால் கணக்கு 50 வீதத்தைத் தாண்டவும் கூடும்.

சிக்கல் அந்தச் சட்டம் இயங்குகிற விதத்தில் இருக்கிறது. நிதி அமைச்சர் அரசிதழான வர்த்தமானியில் ஒரு அறிவித்தலால் அறவீட்டைக் கூட்டலாம், குறைக்கலாம், அடுத்த நாளே அமுலுக்குக் கொண்டுவரலாம். நீங்கள் கார்த்திகை, மார்கழியில் கிழங்கு நடுகிறீர்கள், மாசி, பங்குனியில் கிண்டுகிறீர்கள். நடும்போது இருந்த அறவீடு கிண்டும்போது இருக்குமா என்று உங்களுக்குத் தெரியாது. கொழும்பு நாலாம் குறுக்குத்தெருவில் மொத்த வியாபாரம் செய்கிறவருக்கும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும், நான் வேறு ஏதும் எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். ஆனால் அவர் சரக்கைக் கிடங்கில் வைத்துப் பார்க்கலாம், அடுத்த கப்பலைப் பிந்தச் சொல்லலாம். வெங்காயத்தைப் பிடுங்கிப் போட்டபின் உங்கள் அப்பா என்ன செய்வார்? கடனுக்கு வாங்கிய பசளைக்காரன் வாசலில் நிற்பான்.

எனக்கு வரி எத்தனை ரூபா என்பது இரண்டாவது கேள்வி. நடுவதற்கு முன் அதைச் சொல்லி, கிண்டி முடியும்வரை மாற்றாமல் வைத்திருப்பார்களா என்பதுதான் முதல் கேள்வி.

வரி மட்டும் காப்பாற்றாது என்பதற்கு 2022 போதும். டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. அதாவது இறக்குமதியாகும் ஒவ்வொரு கிலோவும் எந்த வரியும் இல்லாமலே முக்கால் பங்குக்கு மேல் விலை ஏறியது. அதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்த அமைச்சரும் தந்ததில்லை. கமக்காரர் பணக்காரர் ஆனார்களா? அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா ஆனது. கிணற்றிலிருந்து மண்ணெண்ணெய் மெசினால் இறைத்துத்தான் எங்கள் செம்மண்ணில் எதுவும் விளைகிறது. அதற்கு முந்தைய வருடம் இரசாயனப் பசளையைத் தடை செய்த அரசின் கைங்கரியம் வேறு. விதைக்கிழங்கும் பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது.

இனி அப்பா சொல்லும் சிறிமா காலம். அவர் சொல்வது உண்மை. 1970க்கும் 77க்கும் இடையில் மிளகாயும் வெங்காயமும் கிழங்கும் யாழ்ப்பாணத்தில் காசாக விளைந்தன. பிறகு ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு இறக்குமதிக்குக் கதவைத் திறந்ததும் செத்தல் மிளகாய் விலை என்ன ஆனது என்பதும் அவருக்கு நினைவிருக்கும். வேடிக்கை என்னவென்றால், பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவர்களுக்கு இடம் குறைத்த தரப்படுத்தலைக் கொண்டுவந்ததற்காக யாழ்ப்பாணம் திட்டித் தீர்த்த அரசும் அதே அரசுதான். மகன் பல்கலைக்கழகம் போக முடியவில்லை, தகப்பன் மிளகாயில் வீடு கட்டினார்.

ஆனால் அந்தக் காலத்தை யாழ்ப்பாணத்துத் தோட்ட வரம்பில் நின்று மட்டும் பார்க்கக் கூடாது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, கையில் டொலர் இல்லாமல், அரசு உணவு இறக்குமதியையும் கூப்பன் பங்கீட்டையும் வெட்டியது. 1973, 74இல் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் பட்டினியால் செத்தார்கள். ஒரு பரப்பு நிலமும் சொந்தமில்லாதவர்கள், எதை நட்டுப் பிழைப்பது? மிளகாய்த் தடையால் அவர்கள் சாகவில்லை, அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குப் பொற்காலமாக இருந்த கொள்கையின் மற்றப் பக்கத்தில் எங்கள் மொழி பேசுகிறவர்களே பட்டினி கிடந்தார்கள்.

அண்மையில் நடந்ததும் உண்டு. 2020இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். கிலோ ஆயிரக்கணக்கில் போனது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் படகில் வந்தன, கடற்படை பிடித்தது. முழுத் தடை கேட்கிறவர்கள் மன்னார்க் கடற்கரையில் விசாரித்துவிட்டு வரட்டும்.

உங்கள் வெங்காயப் பாத்தியில் புல்லுப் பிடுங்க வருகிற பெண்கள் வீட்டுக் கறிக்கு எந்த வெங்காயம் வாங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல நாள் பம்பாய் வெங்காயமாகத்தான் இருக்கும், அது மலிவு. ஆகவே அறவீடு வேண்டும், ஆனால் அறுவடை மாதங்களுக்கு மட்டும், மற்ற மாதங்களில் குறைவாக. அந்த அட்டவணை புரட்டாசியிலேயே வர்த்தமானியில் வர வேண்டும். மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில் எங்கள் கமக்கார அமைப்புகள் "வரியைக் கூட்டுங்கள்" என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றன, அதிகாரிகளும் "மேலிடத்துக்கு அறிவிக்கிறோம்" என்று எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த அட்டவணை வர்த்தமானியில் வரும் திகதியைக் கேளுங்கள். கூட்ட அறிக்கையில் அதைப் பதியச் சொல்லுங்கள், பிரதி ஒன்றும் வாங்கி வையுங்கள்.