காந்த வரைபடத்தில் வரிவரியாகக் கோடுகள்: லெவலிங் செட்டிங்கை எப்படி வைப்பது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் கருப்பு கிரானைட் டைக் (பாறை வெடிப்பில் சுவர்போல் ஊடுருவி இறுகிய பாறை) தேடி, காந்தப்புலத்தை அளக்கும் புரோட்டான் மேக்னடோமீட்டரால் சர்வே செய்தோம். நிலம் கிழக்கு மேற்காக 1 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 600 மீட்டர். லைன்கள் வடக்கு தெற்கு, 40 மீட்டருக்கு ஒன்று. 5 மீட்டருக்கு ஒரு ரீடிங். லைன்களை ஒப்பிட்டுச் சரிபார்க்க, குறுக்கே 3 டை லைன். ஒரே இடத்தில் நிற்கும் பேஸ் கருவியை வைத்து நாளின் ஏற்ற இறக்கத்தைக் கழிக்கும் பேஸ் ஸ்டேஷன் திருத்தம் போட்ட பிறகும் வரைபடம் வரிவரியாக இருக்கிறது. மிஞ்சும் வரிகளை ஃபில்டரால் நீக்கும் மைக்ரோலெவலிங் கொடுத்தால் வரிகளோடு சேர்ந்து, பாறை வெளியே தலைகாட்டும் இடத்திலேயே ஒரு டைக் காணாமல் போகிறது. எந்த செட்டிங்கை மாற்றுவது?

பதில்: மைக்ரோலெவலிங்கை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அது கடைசியில் மிஞ்சும் சில நானோடெஸ்லாவை (காந்தப்புலத்தின் அலகு) துடைக்கத்தான். முந்தைய படியில் நடந்த தவற்றை அதை வைத்து மறைக்கப் பார்த்தால், தவறோடு பாறையும் போய்விடும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நடந்து அளக்கும் கருவி ஜி.பி.எஸ். நேரத்தை யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) பதியும்; பேஸ் கருவியில் கைக்கடிகாரத்தைப் பார்த்து இந்திய நேரம் வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் 5 மணி 30 நிமிட வித்தியாசம். காந்த நடுக்கோடு (காந்தப்புலம் கிடையாகவே இருக்கும் கோடு) நமக்குத் தெற்கே அருகிலேயே போவதால், இங்கே காலையில் காந்தப்புலம் வேகமாக ஏறி, நண்பகலை ஒட்டி உச்சம் தொட்டு இறங்கும். அமைதியான நாளிலேயே இந்த ஏற்ற இறக்கம் பல பத்து நானோடெஸ்லா வரும். நேரம் பொருந்தாமல் கழித்தால் திருத்தமே புதிய வரிகளை உண்டாக்கும். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒரே லைனின் கோட்டுப்படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேஸ் ரீடிங் 10 விநாடிக்கு ஒன்று இருப்பது நல்லது. அதில் டிராக்டர் போன கூர்முனைகள் இருந்தால், கழிக்கும் முன் 3 அல்லது 5 புள்ளிகளின் நடு மதிப்பை எடுக்கும் மீடியன் ஃபில்டரால் எடுத்துவிடுங்கள்.

லைன் ரீடிங்குகளிலும் அதே வேலை இருக்கிறது. போர்வெல் இரும்புக் கேசிங், கம்பி வேலி, பசுமைக்குடிலின் இரும்புக் குழாய் இவற்றின் அருகில் எடுத்த ரீடிங்குகளை நீக்கிவிட்டுத்தான் லெவலிங்குக்கு (லைன்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது) போக வேண்டும்.

அடுத்தது டை லைன் லெவலிங். நான் பார்த்தவரை பெரும்பாலும் தவறு இங்கேதான் நடக்கிறது. லைனும் டை லைனும் வெட்டும் புள்ளியில் இரண்டு ரீடிங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வித்தியாசத்தைச் சாஃப்ட்வேர் லெவல் பிழை என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் டைக்கின் ஓரத்தில் 5 மீட்டருக்குள் 200 நானோடெஸ்லா மாறுகிறது என்று வையுங்கள். கையில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். 3 மீட்டர் தவறினாலே 120 நானோடெஸ்லா வித்தியாசம் காட்டும். அது லெவல் பிழையே அல்ல, இடப் பிழை. அதை நம்பி லைனை ஏற்றினால் முழு லைனும் தூக்கிக்கொண்டு நிற்கும். எனவே வெட்டுப்புள்ளி அட்டவணையில் சரிவு வரம்பு போடுங்கள்: மீட்டருக்கு 3 நானோடெஸ்லாவுக்கு மேல் சரிவுள்ள புள்ளிகள் கணக்கில் வேண்டாம். மிஞ்சுவதில் தனியாகத் துருத்தும் மதிப்புகளையும் கையாலேயே கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

உங்களுக்கு ஒரு லைனுக்கு 3 வெட்டுப்புள்ளிதான். அதனால் டிரெண்ட் (லைன் முழுவதற்கும் போடும் திருத்தக் கோடு) வரிசையை 0, அதாவது சராசரி என்றே வையுங்கள், மிஞ்சிப்போனால் 1, அதாவது சாய்ந்த நேர்கோடு. ஸ்பிளைன் என்னும் வளைகோடு போட்டால் மூன்று புள்ளிகளையும் தொட்டுவிட்டு இடையில் லைன் வில்லாக வளையும். முதலில் டை லைன்களை லைன்களோடு பொருத்துங்கள், பிறகு லைன்களை டை லைன்களோடு.

இதற்குப் பிறகும் வரி தெரிந்தால் மட்டும் மைக்ரோலெவலிங். கிரிட் செல் (வரைபடத்தின் ஒரு கட்டம்) 10 மீட்டர், அதாவது லைன் இடைவெளியில் கால் பங்கு. குறுகிய மாற்றங்களை மட்டும் விடும் பட்டர்வொர்த் ஹைபாஸ் ஃபில்டரின் வெட்டு அலைநீளம் லைன் இடைவெளியைப் போல 4 மடங்கு: 160 மீட்டர், வரிசை 8. ஒரே திசையில் ஓடும் மாற்றங்களைப் பிரிக்கும் டைரக்ஷனல் கோசைன் ஃபில்டரை 0.5 அடுக்கில் தொடங்கலாம். திசைக் கோணத்தைச் சில சாஃப்ட்வேர் வடக்கிலிருந்தும் சில கிழக்கிலிருந்தும் எண்ணும். அதனால் எண்ணை நம்பாமல் படத்தை நம்புங்கள். பிரித்தெடுத்த பிழைக் கிரிட்டைத் திறந்தால் வடக்கு தெற்கு வரிகள் மட்டும் தெரிய வேண்டும். அங்கே ஒரு டைக்கின் வடிவம் தெரிந்தால், அதைத்தான் கழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வீச்சு வரம்பையும் (பிழை என்று கழிக்கும் அதிகபட்ச அளவு) அந்தக் கிரிட்டிலேயே அளக்கலாம். பாறை எதுவும் இல்லாத சமமான மூலையில் வரிகள் கூட்டல் கழித்தல் 6 நானோடெஸ்லா என்றால் வரம்பு 8 போதும். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் நிலத்தினுடையது. பிழையை லைன் வழியே மென்மையாக்கும் நீளத்தை 200 மீட்டரில் தொடங்குங்கள்.

காணாமல் போன டைக் வடக்கு தெற்காக ஓடுகிறதா என்று பாருங்கள். நம் பகுதியில் காந்தப்புலம் கிட்டத்தட்ட கிடையாகவே வடக்கு நோக்கிக் கிடக்கிறது. அதே திசையில் நீளும் டைக், பாறையில் பழைய எஞ்சிய காந்தம் வலுவாக இல்லாவிட்டால், மிக மெல்லிய மாற்றமே காட்டும். லைனுக்கு இணையாக, மெல்லியதாக இருப்பதால் ஃபில்டருக்கு அது வரிப்பிழை போலவே தெரியும். எந்த எண்ணை மாற்றினாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. அந்தப் பாறை தெரியும் இடத்தில் கிழக்கு மேற்காக 20 மீட்டர் இடைவெளியில் 5 லைன், ஒவ்வொன்றும் 200 மீட்டர் நடந்து, 2 மீட்டருக்கு ஒரு ரீடிங் எடுத்துவாருங்கள். மைக்ரோலெவலிங்கில் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடலாம்.