இரு உலகப் போர்களுக்கு இடையில் கட்டப்பட்ட நாசகாரிக் கப்பல்களுள் எதன் பணி வரலாறு உங்களை மிகவும் ஈர்த்தது?

போலந்துக் கடற்படையின் ‘ப்விஸ்காவிட்சா’. போலிஷ் மொழியில் மின்னல் என்று பொருள்.

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே உள்ள வைட் தீவில், கவ்ஸ் நகரத்து சாமுவேல் வைட் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு, 1936 அக்டோபரில் நீரில் இறக்கப்பட்டு, 1937 நவம்பரில் பணியில் சேர்ந்தது. 114 மீட்டர் நீளமும் மணிக்கு 39 கடல் மைல் வேகமும் கொண்ட இக்கப்பலுக்கு இணையான வேகமுடைய நாசகாரிகள் அன்று மிகச் சிலவே.

1939 ஆகஸ்ட் 30 அன்று, போர் மூள்வதற்கு இரண்டே நாள் முன்னர், ப்விஸ்காவிட்சா, கிரோம், பூழா, அதாவது மின்னல், இடி, புயல் ஆகிய மூன்று போலந்து நாசகாரிகளும் பால்டிக் கடலைவிட்டுப் பிரிட்டனுக்குப் புறப்பட்டன. இதைத் தப்பியோட்டம் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கேயே தங்கிய ‘விஹர்’ என்னும் நாசகாரி செப்டம்பர் 3 அன்று போலந்தின் ஹெல் துறைமுகத்தில் விமானக் குண்டுவீச்சில் மூழ்கியது. சென்ற மூன்றும் அதன்பின் நார்வேயில் போரிட்டன; ப்விஸ்காவிட்சா டன்கர்க்கிலும் போரிட்டது. உடன்பிறப்பான கிரோம் மட்டும் 1940 மே 4 அன்று நார்விக் அருகே குண்டுபட்டு மூழ்கி, ஐம்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர்.

என் மனத்தில் ஆழப் பதிந்தது 1942இல் நடந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கப்பலின் 120 மில்லிமீட்டர் பீரங்கிகள் அகற்றப்பட்டு, வானை நோக்கி நன்கு உயர்த்திச் சுடக்கூடிய 102 மில்லிமீட்டர் இரட்டைப் பீரங்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. பராமரிப்புக்காக அது பிறந்த ஊரான கவ்ஸுக்கே வந்திருந்தபோது, மே 4 இரவு, கிரோம் மூழ்கிச் சரியாக இரண்டாண்டு நிறைந்த அதே நாளில், ஜெர்மன் விமானங்கள் நகரைத் தாக்கின. கப்பல் தலைவர் வோய்ச்சேக் ஃபிரான்ட்ஸ்கியின் ஆணைப்படி மாலுமிகள் இடைவிடாமல் சுட்டனர். குழல்கள் பழுக்கக் காய்ந்ததால் மெடினா ஆற்றுநீரை மொண்டு ஊற்றி ஊற்றிக் குளிர்வித்தனர். குண்டுகள் தீர்ந்துவர, கடலுக்கு அப்பாலிருந்து மேலும் கொண்டுவந்தனர். புகைத்திரை ஊரை மறைக்க, பீரங்கிச் சூட்டுக்கு அஞ்சி விமானங்கள் உயரத்திலேயே பறக்க நேர்ந்ததால், குறி தவறிய குண்டுகள் பல. ஆயினும் ஊரில் பலர் உயிரிழந்தனர்; ஆனால் அந்தக் கப்பல் இல்லாதிருந்தால் இழப்பு இன்னும் எவ்வளவோ கூடியிருக்கும். தாய்நாடு பிறர் பிடியில் இருக்க, தங்கள் கப்பலைச் செய்துதந்த அயலூர்க்காரர்களுக்காக அவர்கள் அந்த இரவு முழுவதும் பீரங்கியைவிட்டு அகலாமல் நின்றார்களே, அதற்காகவே இந்தக் கப்பலைப் பற்றி எவர் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்.

பின்னர் வட ஆப்பிரிக்கத் தரையிறக்கத்திலும், 1944 ஜூனில் பிரான்சின் உஷாந்த் தீவருகே ஜெர்மன் நாசகாரிகளுடன் நடந்த இரவுப் போரிலும் பங்கேற்று, 1947இல் போலந்து திரும்பியது. 1967இல் கப்பலில் நேர்ந்த நீராவிக் குழாய் விபத்தில் ஏழு மாலுமிகள் இறந்தனர். கடலில் அதன் ஓட்டம் அத்துடன் முடிந்தது. 1976 முதல் போலந்தின் கிடினியா துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. கவ்ஸ் நகரிலோ ஓர் இடத்துக்கு ஃபிரான்ட்ஸ்கியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.