பரம்பரை நரம்பு நோய்க்குச் சத்து மாத்திரை கேட்குமா?

சத்து மாத்திரை கேட்குமா என்ற உங்கள் கேள்வியைப் படித்தேன். பிள்ளைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எனக்கு இருப்பது சி.எம்.டி. 1ஏ, அதாவது சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயில் ஒரு வகை. 17-ஆவது குரோமோசோமில் பி.எம்.பி.22 என்ற ஜீனின் பிரதி ஒன்று கூடுதல், அதனால் நரம்பின் மேலுறை கெட்டுப்போகிறது. எனக்கு எந்தச் சத்து மாத்திரையும் கேட்கவில்லை.

வீடு களியக்காவிளைக்குப் பக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. தோட்டத்திலிருந்து சில நாள் ஒற்றைச் செருப்போடு திரும்புவார். மற்றது எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. முப்பது வயதில் எனக்கும் அப்படிக் கழன்றபோது பயந்துபோய், தெரிந்த அக்கா ஒருவர் விற்ற நரம்புச் சத்து டப்பாவை வாங்கினேன். மாதம் 2,800 ரூபாய், ஒன்றரை வருடம். பலனில்லையே என்றதற்கு, தினம் மூன்றாகப் போடு என்றார். போட்டேன். உள்ளங்கை எரிய ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைத் தொட்டால் பொத்தானா துணியா என்று விரலுக்குத் தெரியாது. "மருந்து வேலை செய்யுது தம்பி" என்றார் அக்கா.

திருவனந்தபுரத்து டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார். ஒரு மாத்திரையில் வைட்டமின் பி6 மட்டும் 100 மில்லிகிராம். "இது இப்போள் தன்னெ நிர்த்தணம்" என்றார், இப்போதே நிறுத்தணும் என்று. பி6 அளவு மீறினால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்குமாம். நிறுத்திய பிறகும் சில வாரம் எரிச்சல் கூடித்தான் அடங்கியது. கால் பழையபடியேதான்.

இந்த நோய்க்கு வைட்டமின் சி சாப்பிடச் சொல்வார்கள். 2004-இல் பிரான்சில் இதே நோயுள்ள எலிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள், உண்மை. பிறகு இத்தாலியிலும் பிரிட்டனிலும் 271 நோயாளிகளை வைத்து, ஒரு சாராருக்குத் தினம் 1.5 கிராம், மற்றவர்களுக்குப் போலி மாத்திரை என இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் வந்த முடிவில் வித்தியாசமே இல்லை. அமெரிக்காவில் 4 கிராம் கொடுத்தும் அதே கதை.

நாட்டு வைத்தியத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்க ஊர் வர்ம ஆசான் தடவிக் கொடுத்தால் எனக்கு இன்றும் கால்வலி அடங்குகிறது. நோயைத் தீர்ப்பேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சத்தே மருந்தாகும் பரம்பரை நோயும் உண்டு: வைட்டமின் ஈ உடம்பில் தங்காத ஒரு வகைக்கு அந்த வைட்டமின் ஈ-தான் சிகிச்சை.

எனக்கு உதவியது கணுக்காலுக்குப் போடும் பிளாஸ்டிக் பட்டை. அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதுதான் பாடு. முதல் படியே முழங்கால் உயரம். இரண்டாவது காலைத் தூக்குமுன் கண்டக்டர் விசில் அடித்துவிடுகிறார். நடக்கிறவனுக்கு என்ன குறை என்று முன் சீட்டையும் யாரும் தருவதில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

பிள்ளைக்கு ஜீன் டெஸ்ட் எடுத்துவிட்டீர்களா? எந்த வகை என்று வந்தது? இப்போது கொடுக்கும் டப்பாவில் பி6 எவ்வளவு என்று இன்றே பாருங்கள்.