பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு, அயர்லாந்து எல்லையில் மறுபடி சாவடி வரும் என்று ஏன் அவ்வளவு பயந்தார்கள்? கடைசியில் வந்ததா?

கேள்வியின் பின்பகுதியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: பெல்ஃபாஸ்ட்டில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர் பஸ் ஏறி டப்ளின் போய் வரலாமா என்று. அதைக் கடைசியில் சொல்கிறேன். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

அயர்லாந்து (தலைநகர் டப்ளின்) ஒன்றியத்திலேயே நிற்கும் தனி நாடு, வட அயர்லாந்து (தலைநகர் பெல்ஃபாஸ்ட்) பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதி. இரண்டுக்கும் நடுவே சாவடி வரவில்லை. அதாவது தரையில் வரவில்லை. ஆனால் அங்கே செய்திருக்க வேண்டிய சோதனை காணாமல் போய்விடவில்லை. பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள கடலுக்கு இடம் மாறியது. இந்தப் பிரச்சினையில் நான்கு வருடம் நடந்த சண்டை எல்லாம் "சோதனையை எங்கே வைப்பது" என்பதைப் பற்றித்தான். "சோதனையே வேண்டாம்" என்று சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதை எப்படிச் செய்வது என்று யாரும் காட்டவில்லை.

முதலில் அந்த எல்லை எப்படிப்பட்டது என்று பாருங்கள். நீளம் 499 கிலோமீட்டர். 1921-ல் நாட்டைப் பிரித்தபோது, நாடுகளுக்கான எல்லை என்று யோசித்து யாரும் கோடு போடவில்லை. பழைய மாவட்ட எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். அதனால் கோடு வயலுக்கு நடுவே போகும், ஓடைக்கு நடுவே போகும். பெட்டிகோ என்ற ஊரில் ஓடும் சிற்றாறுதான் எல்லை. பாலத்தின் இந்தப் பக்கம் அயர்லாந்து, அந்தப் பக்கம் டல்லிஹோமன் என்ற பெயரில் வட அயர்லாந்து. க்ளோன்ஸிலிருந்து கேவன் போகும் சாலை சுமார் 10 கிலோமீட்டருக்குள் நான்கு முறை எல்லையைத் தாண்டும். தெற்கில் என்54, வடக்கில் ஏ3 என்று ஒரே சாலைக்கு இரண்டு எண்கள். நாடு மாறியது என்று ஓட்டுநருக்குத் தெரிவிப்பவை வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதும், சாலை ஓரக் கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையாவதும்தான். 2018-ல் இரு பக்கத்துச் சாலைத் துறைகளும் சேர்ந்து எண்ணியபோது 208 இடங்களில் பொதுச் சாலை எல்லையைக் கடப்பதாகக் கணக்கு வந்தது. இத்தனைக்கும் ஆள் போட்டுக் காவல் காப்பது முடியாத வேலை. முன்பு முயன்றும் முடியவில்லை.

1923 ஏப்ரல் 1 முதல் அங்கே சுங்கச் சாவடிகள் இருந்தன. சில சாலைகள் மட்டுமே "அனுமதிக்கப்பட்ட சாலைகள்". சரக்கு அவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். மீதி வழிகளில் வெண்ணெயும் பன்றியும் இரவில் கடந்தன. 1960-களின் இறுதியில் தொடங்கி 1998 வரை நீண்ட வன்முறைக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் சிறு சாலைகளில் பள்ளம் வெட்டியது, கான்கிரீட் கட்டைகளை இறக்கியது. உள்ளூர் மக்கள் வார இறுதியில் மண்வெட்டியோடு வந்து பள்ளத்தை மூடினார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சுங்கச் சாவடி போனது வேறு காரணத்தால், ராணுவச் சாவடி போனது வேறு காரணத்தால். ஐரோப்பிய ஒற்றைச் சந்தை 1993 ஜனவரி 1 அன்று தொடங்கியதும் சுங்கத்துக்கு வேலை இல்லாமல் போனது. ராணுவம் 1998 ஏப்ரல் 10-ல் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக விலகியது. எல்லையோரம் வட அயர்லாந்துக்குள் இருக்கும் தெற்கு ஆர்மாவின் குன்றுகளில் நின்ற கண்காணிப்புக் கோபுரங்கள் இறங்க அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஆயின. அந்த ஒப்பந்தத்தில் "சுங்கச் சாவடி கூடாது" என்று ஒரு வரியும் இல்லை. பலர் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாதாடுவார்கள். இரு நாடுகளும் ஒரே ஒன்றியத்தில் இருக்கும் என்பதை யாரும் சந்தேகிக்காத காலம் அது, எழுத வேண்டிய தேவையே எழவில்லை.

இனி, எல்லோரும் பயந்த "ஹார்ட் பார்டர்" (சோதனைச் சாவடியுள்ள எல்லை) என்றால் என்ன. பாஸ்போர்ட் வரிசை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பிரிட்டிஷ் குடிமக்களும் ஐரிஷ் குடிமக்களும் இரு நாட்டிலும் விசா இல்லாமல் போய்வரவும் வேலை செய்யவும் பொதுப் பயணப் பகுதி என்ற ஏற்பாடு 1920-களிலிருந்து இருக்கிறது. பிரெக்ஸிட் அதைத் தொடவில்லை. சிக்கல் சரக்கில். அதிலும் வரியைவிட உணவில்.

பாலை எடுத்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்தில் கறக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டேங்கரில் தெற்கே போய் அங்கே வெண்ணெயாகவும் பால் மாவாகவும் ஆகிறது. வடக்கு வெளிநாடாகிவிட்டால் அந்த டேங்கருக்கு என்னென்ன வேண்டும்? பால் வரும் நிலையம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். ட்ரேசஸ் என்ற கணினி அமைப்பில் முன்கூட்டியே தகவல் பதிய வேண்டும். சுங்க அறிவிப்பு தனி. பிறகு எல்லைச் சோதனை நிலையத்தில் மூன்று படி: காகிதம் சரியா என்று பார்ப்பது, முத்திரை எண்ணும் லேபிளும் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, சிலவற்றைத் திறந்து வெப்பநிலை பார்த்து மாதிரி எடுப்பது. முதல் படி எல்லா லோடுக்கும் உண்டு, மூன்றாவது அபாயத்தைப் பொறுத்து ஒரு விகிதத்துக்கு. உயிருள்ள ஆடு மாடு என்றால் அத்தனைக்கும் சோதனை.

இதை ரோட்டோரத்தில் ஒரு கேபின் போட்டுச் செய்ய முடியாது. கூரை போட்ட இறக்குமிடம், குளிர் அறை, கால்நடைக்குத் தண்ணீரும் தீவனமும் உள்ள தொழுவம், கழிவுநீர் வடிகால், மாதிரி எடுக்கும் அறை, லாரிகள் காத்திருக்க மைதானம், இவையெல்லாம் விதிப்படி கட்டாயம். அதாவது கட்டடம். கட்டடம் என்றால் அதற்குள் ஆட்கள். பயம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

1972 ஆகஸ்டில் எல்லையோர ஊரான நியூரியின் சுங்க அலுவலகத்தில், ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு முன்கூட்டியே வெடித்து, கொண்டுவந்தவர்களையும் சேர்த்து 9 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சுங்க ஊழியர்களும் லாரி ஓட்டுநர்களும் இருந்தார்கள். எல்லைச் சாவடி என்பது, ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பும் தேசியவாதிகளின் கண்ணுக்கு நாட்டைப் பிரித்ததன் அடையாளம். 2018-ல் வட அயர்லாந்து போலீஸ் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹாமில்டன் இதைப் பகிரங்கமாகவே எச்சரித்தார். வாதம் எளிது: கேமராவை உடைப்பார்கள், கேமராவைக் காக்கப் போலீஸ் போகும், போலீஸைச் சுடுவார்கள், போலீஸைக் காக்க ராணுவம் வரும். புனித வெள்ளி ஒப்பந்தத்துக்கு முன் சுமார் 3,500 பேரைப் பலிகொடுத்த ஊரில் இதை மிகை என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள். அது அறியாமை என்பது என் கருத்து.

"தொழில்நுட்பத்தால் தீர்க்கலாமே?" என்பது அடுத்த வாதம். நம்பர் பிளேட் படிக்கும் கேமரா, நம்பகமான வணிகர் பட்டியல், முன்கூட்டிய மின்னணு அறிவிப்பு. இவை எல்லாமே உண்மையான கருவிகள், காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். ஆனால் கேமராவுக்குத் தெரிவது லாரியின் எண். உள்ளே இருப்பது ஆட்டிறைச்சியா அட்டைப்பெட்டியா என்று தெரியாது. சந்தேகம் வந்தால் யாரோ ஒருவர் நிறுத்தித் திறந்தாக வேண்டும். நார்வே–சுவீடன் எல்லையைப் பாருங்கள். நார்வே ஒற்றைச் சந்தையில் (பொருள் விதிகள் ஒன்று) இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் (வெளி வரிகள் ஒன்று) மட்டும் இல்லை. ஒரு நாட்டு அதிகாரி மற்ற நாட்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஒப்பந்தம் 1959-லிருந்து இருக்கிறது. அப்படியும் ஸ்வினசுண்டில் லாரிகள் சுங்கத்துக்கு நிற்கின்றன. பிரிட்டன் இரண்டிலிருந்தும் விலகியது.

வரியே இல்லாத ஒப்பந்தம் போட்டால் போதும் என்பதும் தவறு. 2020 டிசம்பர் 24-ல் அப்படி ஒன்று வந்ததே. ஆனால் பூஜ்ய வரி கிடைக்க, பொருள் பிரிட்டனில்தான் தயாரானது என்று நிரூபிக்க வேண்டும். சீனாவிலிருந்து வந்த சட்டையை லண்டனில் மடித்துப் பெட்டியில் போட்டு அனுப்பினால் வரி உண்டு. உணவுச் சான்றிதழுக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லை.

2017 ஜனவரியில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் இரண்டையும் விட்டு விலகுவோம் என்று அறிவித்த நாளிலேயே முடிச்சு விழுந்துவிட்டது. முழுதாக விலகுவது, தரையில் எல்லை இல்லாமல் இருப்பது, கடலில் எல்லை இல்லாமல் இருப்பது, இந்த மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மே தந்த பேக்ஸ்டாப் திட்டம் முதலாவதை நீர்க்கச் செய்தது: வேறு வழி கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் சுங்க ஏற்பாட்டுக்குள் நிற்கும். 2019 ஜனவரி 15-ல் நாடாளுமன்றம் அதை 432–202 என்று தூக்கி எறிந்தது. அடுத்து பிரதமரான போரிஸ் ஜான்சன் மூன்றாவதை விட்டுக்கொடுத்தார். கடலில் எல்லை. ஒப்புக்கொண்டுவிட்டு எந்தக் காகிதமும் நிரப்ப வேண்டியிராது என்று வணிகர்களிடம் சொன்னதுதான் பிறகு வந்த கோபத்துக்குப் பாதிக் காரணம்.

கடல் எல்லை நடைமுறைக்கு வந்த 2021 ஜனவரியில் என்ன நடந்தது என்றால், ஸ்காட்லாந்து விதை உருளைக்கிழங்கு வடக்கே வரத் தடை. மண் ஒட்டிய செடிக்கும் மண் ஒட்டிய பழைய டிராக்டருக்கும் தடை. லிவர்பூலிலிருந்து வரும் சூப்பர்மார்க்கெட் லாரிதான் பெரிய தலைவலி: ஒரே லாரியில் பன்றி இறைச்சி, தயிர், சாண்ட்விச், பீட்சா எல்லாம் கலந்திருக்கும், விதிப்படி விலங்குப் பொருள் ஒவ்வொரு வகைக்கும் தனிச் சான்றிதழ். ஒன்றில் எண் பிசகினால் முழு லாரியும் நிற்கும். சலுகைக் காலம் கொடுத்துத்தான் ஓட்டினார்கள். அதே மாதம் 29-ம் தேதி கோவிட் தடுப்பூசித் தகராறில் ஐரோப்பிய ஆணையம், அவசர நேரத்துக்காக ஒப்பந்தத்தில் வைத்திருந்த 16-வது பிரிவைப் பயன்படுத்தித் தரை எல்லையில் கட்டுப்பாடு போடப் போனது. சில மணி நேரத்தில் பின்வாங்கியது. எல்லை வரவே கூடாது என்று நான்கு வருடம் பாடம் நடத்தியவர்கள் செய்த வேலை அது. பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் அதை இன்றும் மறக்கவில்லை.

அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சொந்த நாட்டின் இன்னொரு பகுதியிலிருந்து வரும் உணவுக்கு லார்ன் துறைமுகத்தில் சோதனை என்றால், பிரிட்டனோடு தாங்கள் ஒன்று என்ற உணர்வே அடிபடுகிறது. 2021 பிப்ரவரியில் மிரட்டல் காரணமாகச் சில நாள் துறைமுக ஊழியர்களைத் திரும்பப் பெற்றார்கள், ஏப்ரலில் கலவரம், 2022 பிப்ரவரியில் பெரிய யூனியனிஸ்டு கட்சியான டி.யு.பி. அரசிலிருந்து வெளியேறி, இரண்டு வருடம் வட அயர்லாந்துக்கு முழுதாக இயங்கும் அமைச்சரவை இல்லாமல் போனது.

2023 பிப்ரவரி 27-ல் வந்த வின்ட்சர் ஏற்பாடு நடைமுறையைத் தளர்த்தியது. வடக்கிலேயே விற்றுத் தீரும் சரக்கு பச்சைத் தடத்தில் போகும். தெற்கே போகக்கூடியது சிவப்புத் தடத்தில் முழுச் சோதனையோடு. பச்சைத் தடத்துக்கு வணிகர் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். உணவு லாரிக்கு ஒரே பொதுச் சான்றிதழ் போதும், ஆனால் பாக்கெட்டில் "ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல" என்ற லேபிள் வேண்டும். உணவு லாரிகளுக்கான அடையாளச் சோதனை 2025 ஜூலையில் 5 சதவீதமாக இறங்கியது. சிக்கல் இன்னும் சிறு வணிகர்களிடம்தான். வாரம் நாலு பார்சல் அனுப்பும் இங்கிலாந்துக் கடைக்காரர் இந்தப் பதிவெல்லாம் எதற்கு என்று "வட அயர்லாந்துக்கு அனுப்புவதில்லை" எனப் போட்டுவிடுகிறார். 2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பியப் பொருள் பாதுகாப்பு விதி வந்தபோது இது இன்னும் கூடியது.

இந்த ஏற்பாட்டைத் தொடரலாமா என்று வட அயர்லாந்துச் சட்டமன்றம் ஓட்டுப் போட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. 2024 டிசம்பர் 10-ல் தொடரலாம் என்று முடிவானது. யூனியனிஸ்டுகள் யாரும் ஆதரிக்காததால் எட்டு வருடத்துக்குப் பதில் நான்கு வருடம்தான். அடுத்த ஓட்டு 2028-ல். இடையில் 2025 மே 19-ல் பிரிட்டனும் ஒன்றியமும் பொது உணவு–கால்நடை விதிகளுக்கு ஒப்பந்தம் போடுவதென்று ஒத்துக்கொண்டன. அது முழுதாக நடைமுறைக்கு வந்தால் துறைமுகச் சோதனையில் பெரும்பகுதி குறையும். சுங்கக் காகிதம் அப்படியே இருக்கும்.

இனி பஸ். பொதுப் பயணப் பகுதி பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு மட்டும். இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட்டோடு பிரிட்டனின் வேலை விசாவில் பெல்ஃபாஸ்ட்டில் இருப்பவர் டப்ளின் போகத் தனியாக ஐரிஷ் விசா எடுக்க வேண்டும். டப்ளினில் ஐ.ஆர்.பி. (ஐரிஷ் குடியிருப்பு அனுமதி) அட்டையோடு இருக்கும் நம்மூர் நர்ஸ், வட அயர்லாந்தின் சுற்றுலா இடமான ஜெயன்ட்ஸ் காஸ்வே பார்க்கப் போனால் பிரிட்டிஷ் விசா வேண்டும். சாலையில் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பதால் அனுமதி இருக்கிறது என்று ஆகாது. தெற்கே ஐரிஷ் போலீஸ் அவ்வப்போது பஸ்ஸில் ஏறி ஆவணம் கேட்பதுண்டு. அப்போது பிடிபட்டால் திருப்பி அனுப்புவது மட்டுமல்ல, அடுத்த விசா விண்ணப்பத்திலும் அதை எழுத வேண்டிவரும். 2014-லிருந்து இந்தியர்களுக்கு உள்ள பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா ஏற்பாடு குறுகிய காலச் சுற்றுலா விசாவுக்குத்தான், அதுவும் விசாவில் பி.ஐ.வி.எஸ். என்ற குறிப்பு இருந்தால். வேலை விசாக்காரர்களுக்கு அது பொருந்தாது. ஐரிஷ் விசா கைக்கு வந்த பிறகு பஸ் டிக்கெட் போடச் சொல்லுங்கள்.