ஏரியைச் சுற்றிப் பூங்கா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் எல்லாம் ஏரியும் பனையும் மேட்டுநிலமும் கலந்த இடங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. அப்படி ஒரு நூறு ஏக்கரைப் பொதுப் பூங்காவாக்கினால் எப்படிச் செய்ய வேண்டும் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நிலவடிவமைப்புதான் என் பிழைப்பு என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (மீனாட்சிபுரம், பள்ளி ஆசிரியர்): அக்கா, குழந்தைகள் விளையாடவும் வேண்டும், பறவைகளும் இருக்க வேண்டும். ரெண்டும் ஒரே இடத்தில் நடக்குமா, சும்மா பேச்சா?

நடக்கும். ஆனால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் என்று தூவினால் நடக்காது. இங்கே இரண்டு ஊஞ்சல், அங்கே இரண்டு ஊஞ்சல், நடுவில் ஒரு டீக்கடை, எல்லாவற்றையும் இணைத்து ஒரு பாதை. வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் மனிதக் காலடி படாத ஐந்து ஏக்கர்கூடத் தேறாது.

நான் முதலில் வரைவது ஆள் போகக் கூடாத இடத்தைத்தான். அதை வரைந்துவிட்டு, சத்தம் வரக்கூடிய அத்தனையையும் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஒரே மூலைக்குக் கொண்டுவருவேன்: விளையாட்டுத் திடல், சாப்பாட்டுக் கடை, கழிப்பறை, பார்க்கிங், மேடை. அந்த மூலையில் கஞ்சத்தனம் கூடாது, தாராளமாகச் செய்ய வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் அதைத் தாண்டி உள்ளே போகவே மாட்டார்கள். சென்னை கிண்டியில் சிறுவர் பூங்கா ஓரத்தில் இருக்கிறது, பின்னால் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்க முன்பக்கத்திலேயே நின்றுவிடும்.

அந்த மூலை எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு. வலசைப் பறவைகள் இருக்கும் டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியாகக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசும். அதனால் சத்தமும் சமையல் வாடையும் ஏரியின் மேற்குப் புறத்தில் இருந்தால் காற்றே அவற்றை ஏரிக்கு அப்பால் தள்ளிவிடும். கிழக்கே வைத்தால் அந்த மாதங்கள் முழுக்க மைக்செட் ஏரிக்குள்ளேதான் கேட்கும்.

கேள்வி (சித்தூர், தினமும் நடைப்பயிற்சி போகிறவர்): ஏரியை முழுசாகச் சுற்றி வர ஒரு பாதை போடலாமே?

வேண்டாம். ஏரி வடிவமைப்பில் அடிக்கடி நடக்கும் தப்பு அதுதான். சுற்றிலும் ஆள் நடந்தால் பறவைக்கு ஒதுங்க ஒரு கரைகூட மிஞ்சாது. வேடந்தாங்கலில் பார்வையாளர்கள் ஒரு பக்கக் கரையில் மட்டும்தான் நடக்கிறார்கள். நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் கொக்கும் நாரையும் அதற்குப் பழகிவிட்டன. ஆட்கள் எப்போதும் ஒரே பக்கத்தில் வந்தால் பழகிக்கொள்ளும் பறவை, நாலா பக்கமும் தலை தெரிந்தால் கிளம்பிவிடும்.

நீளமான நடை வேண்டுமென்றால் பாதையை ஏரியை விட்டு விலக்கிப் பனங்காட்டு வழியாக விடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் மட்டும் தண்ணீரைத் தொடட்டும். அங்கே பனையோலைத் தட்டி மறைப்பு வைத்து, பெரியவர், குழந்தை, சக்கர நாற்காலியில் வருகிறவர் என மூன்று உயரத்தில் பார்க்கத் துளை விட்டால் போதும்.

கேள்வி (கொல்லங்கோடு): போட்டிங்?

நூறு ஏக்கர் பூங்காவில் உள்ள ஏரிக்கு வேண்டாம். மிதிபடகு ஒன்று நடுவில் வந்தாலே நீர்ப்பறவை முழுக்க எழும்பும். மலம்புழா அணை பக்கத்தில்தானே இருக்கிறது, ஆசைப்பட்டால் அங்கே போகலாம்.

கேள்வி (வண்ணாமடை, இளைஞர் குழு): நாங்கள் பத்தாயிரம் மரக்கன்று நடத் தயார். மியாவாகி முறையில் அடர்காடு செய்யலாமா?

உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, ஆனால் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று என்று நெருக்கி நடும் முறை அது. நகரத்தில் வெறும் சிமென்ட் நடுவே ஒரு துண்டு நிலம் கிடைத்தால் செய்யலாம். நம் பக்கத்து மேட்டுநிலம் அப்படி இல்லை. காய்ந்த புல்லும் முள்ளும் உள்ள அந்தத் திறந்தவெளிதான் ஆள்காட்டிக்கும் காடைக்கும் கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் வீடு. ஆள்காட்டி வெறுந்தரையில், கூழாங்கல் நடுவில் முட்டை இடும். அங்கே அடர்காடு வளர்த்தால் பச்சை கூடும், இவையெல்லாம் போய்விடும். "தரிசு" என்று வருவாய்க் கணக்கில் எழுதியிருப்பதால் ஒன்றுமில்லாத இடம் என்று நினைத்துவிடுகிறோம். எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

மரம் வைக்க இடம் இருக்கிறது. நீரோட்டத்தின் ஓரம் மருதும் புங்கமும் நாவலும் வையுங்கள். மேட்டில் அங்கங்கே தனித்தனியாக ஆல், அரசு, இலுப்பை, வேம்பு. ஆலும் அத்தியும் பழுத்தால் குக்குறுவானும் மைனாவும் வௌவாலும் தானே வந்து சேரும். இருக்கிற பனையில் ஒன்றைக்கூட வெட்டாதீர்கள். பனை உழவாரன் கூடு ஒட்டுவது பனையோலையில்தான், தூக்கணாங்குருவியும் பனையை விரும்பும். தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை, கோனோகார்பஸ் போன்ற வெளிநாட்டு மரங்கள் பக்கம் போகவே வேண்டாம். கோனோகார்பஸ் நட 2023இல் குஜராத் அரசே தடை போட்டது.

உங்கள் கைகளுக்கு வேறு வேலை தருகிறேன். சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் எடுக்க வேண்டும். ஜோத்பூரில் மெஹரான்கர் கோட்டையை ஒட்டி ஏறக்குறைய 70 ஹெக்டேர் பாறைநிலத்தை 2006 முதல் இப்படித்தான் மீட்டார்கள். சீமைக் கருவேலத்தின் வேர் பாறைக்குள் போயிருந்ததால் உள்ளூர்க் கல்லுடைப்பவர்களைக் கூப்பிட்டு, உளியால் குழி கொத்தி வேரோடு எடுத்தார்கள். அதே குழிகளில் அந்தப் பாலைக்கே உரிய செடிகளை நட்டார்கள். ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா என்று இன்று அது பெயர் வாங்கியிருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: முழுவதையும் ஒரே வருஷத்தில் வெட்டாதீர்கள். குருவிகளுக்கு அந்தப் புதர்தான் இப்போதைக்கு மறைவிடம். பகுதி பகுதியாக எடுத்து, நாட்டுச்செடி பிடித்த பின் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கேள்வி (எருத்தேம்பதி, பெரியவர் ஒருவர்): அம்மிணி, மூணு தலைமுறையா அந்தக் கரையில மாடு மேய்க்கிறோம். பூங்கான்னு சொல்லி வேலி போட்டா நாங்க எங்க போறது?

ஐயா, கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982இல் மேய்ச்சலை அடியோடு தடை செய்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எருமைகள் இறங்காததால் தண்ணீருக்குள் புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பு குறைந்தது. பறவைகளுக்கு நல்லது என்று போட்ட தடை பறவைகளுக்கே இடைஞ்சலாகிவிட்டதை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு எடுத்துக் காட்டியது.

ஆகவே என் வரைபடத்தில் மாட்டுக்குத் தனி வழி உண்டு. ஆள்காட்டி முட்டையிடும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மேட்டுநிலத்தின் ஒரு பகுதி மட்டும் மூடியிருக்கும், மற்ற இடத்தில் மேய்க்கலாம். மழைக்குப் பிறகு மூடிய பகுதியும் திறக்கும். எத்தனை உருப்படி, எந்த மாதம், எந்தப் பக்கம் என்பதை மேய்க்கிறவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்து எழுத்தில் வைக்க வேண்டும். வாய்வார்த்தையாக விட்டால் அடுத்த பஞ்சாயத்துத் தலைவர் வந்ததும் காற்றில் போய்விடும்.

இப்படிக் காலத்தைப் பிரித்துக் கொடுப்பது மனிதர்களுக்கும் பொருந்தும். பெர்லினில் டெம்பல்ஹோஃப் என்ற பழைய விமான நிலையத்தை 2010இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 300 ஹெக்டேருக்கு மேல் திறந்தவெளி. வானம்பாடி கூடு கட்டும் காலத்தில் புல்வெளியில் ஒரு பகுதியைத் தடுத்துக் கட்டிவிடுகிறார்கள். பழைய ஓடுபாதையில் சைக்கிளும் பட்டமும் எப்போதும் போல நடக்கும்.

கேள்வி (பாலக்காடு டவுன்): மலம்புழா மாதிரி பச்சைப் புல்வெளி, நீரூற்று எல்லாம் வருமா மேடம்?

மலம்புழாவுக்கு 1955இல் கட்டிய பெரிய அணை பின்னால் நிற்கிறது. நம் கிழக்குப் பக்கமோ மழை குறைந்த பகுதி. பரம்பிக்குளம்–ஆளியாறு நதிநீர் ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீருக்கே தமிழ்நாடும் கேரளமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். விவசாயி தண்ணீருக்குக் காத்திருக்கும்போது புல்வெளிக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டால் ஊர் சும்மா விடாது, விடவும் கூடாது. விளையாட்டு மூலையில் அரை ஏக்கர் புல் போதும், அதற்கும் கழிப்பறைக் கைகழுவும் தண்ணீரைச் சுத்திகரித்து விடலாம்.

கேள்வி (நல்லேப்பிள்ளி): கரையைக் கருங்கல் கட்டி பலப்படுத்திவிட்டால் சுத்தமாக இருக்குமே?

மதகு, கலிங்கல் இருக்கும் இடத்தில் கட்டுங்கள். மற்ற இடத்தில் கரை சாய்வாக இறங்கட்டும், பத்தடி நடந்தால் ஓரடி ஆழம் என்கிற அளவுக்கு. உள்ளானும் கொக்கும் நின்று இரை தேடுவது அந்தச் சேற்று ஓரத்தில். கோரையும் சம்பும் முளைக்கும், தவளை வரும். சிங்கப்பூரில் பிஷான் பூங்காவின் ஓரமாக நேராக ஓடிய சிமென்ட் கால்வாயை உடைத்து, 2012இல் சுமார் 3 கிலோமீட்டர் வளைந்தோடும் மண்கரை ஆறாக மாற்றினார்கள். காசு செலவழித்துச் சிமென்டை எடுக்கிறார்கள் அவர்கள், நாம் காசு செலவழித்துப் போடுகிறோம்.

கேள்வி (சித்தூர்): ராத்திரி லைட் இல்லாவிட்டால் குடிகாரர்கள் கூடிவிடுவார்கள் அக்கா.

உண்மைதான். ஆனால் பூங்கா முழுக்க ஹைமாஸ்ட் போட்டாலும் கூடுகிறவர்கள் கூடத்தான் செய்வார்கள், வெளிச்சத்தில் வசதியாக. மேற்கு மூலைக்கு மட்டும் விளக்கு போதும். அதுவும் இடுப்பு உயரத்தில், ஒளி கீழே மட்டும் விழுகிற மாதிரி, மஞ்சள் நிறத்தில், ஒளியின் நிற அளவு 3000 கெல்வினுக்கு மேல் போகாமல். நீலம் கலந்த வெள்ளை ஒளிதான் பூச்சிகளை அதிகம் இழுக்கும். எட்டு மணிக்கு உள்பக்க வாசலைப் பூட்டிவிட்டு, காவலுக்கு ஆள் வைத்து அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள்.

கேள்வி (கோவிந்தாபுரம்): அம்மாவுக்கு முட்டி வலி. உள்ளே போக முடியுமா?

முடிய வேண்டும். முக்கியப் பாதை செம்மண் கிராவலை இறுக்கி அமைத்தது, மூன்று மீட்டர் அகலம், 20 அடிக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் இல்லாமல். நிழலோடு அடிக்கடி உட்கார இடம், கைப்பிடி உள்ள பெஞ்ச். இன்டர்லாக் கட்டை வெயிலில் கொதிக்கும், தண்ணீரும் நன்றாக இறங்காது.

கேள்வி (வாளையார்): எங்கள் பக்கம் யானை வரும். இங்கேயும் பூங்கா கேட்கிறார்கள்.

யானை போகும் வழியில் பூங்காவே வேண்டாம் என்பேன். வாளையார்–கஞ்சிக்கோடு ரயில் பாதையில் எத்தனை யானை அடிபட்டது என்று உங்களுக்கே தெரியும். மீறிச் செய்வதானால் பலா, வாழை நடக்கூடாது, குப்பைத்தொட்டி திறந்திருக்கக் கூடாது, மாலை ஐந்துக்கு மூடிவிட வேண்டும்.

கேள்வி (பலர்): நாய் கூட்டி வரலாமா? மயிலுக்குத் தீனி போடலாமா?

மேற்கு மூலையில் மட்டும், கயிற்றோடு. மயிலுக்குத் தீனி கூடவே கூடாது. பழகிவிட்டால் பக்கத்து வயலையும் தோட்டத்தையும் ஒரு வழி பண்ணிவிடும்.

கேள்வி (வேலந்தாவளம், பஞ்சாயத்து உறுப்பினர்): சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் கிருஷி பவனில் (உள்ளூர் வேளாண் அலுவலகம்) நெல்வயல், ஈரநிலங்களின் பட்டியலான டேட்டா பேங்க்கைப் பாருங்கள். கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எதை நிரப்பக் கூடாது என்பது வரைபடம் போடும் முன்பே தெரிய வேண்டும். அப்புறம் பஞ்சாயத்தின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை எழுப்பி, ஒரு முழு வருஷம் அந்த நிலத்தைப் பார்த்துப் பதியச் சொல்லுங்கள்: எந்த மாதம் தண்ணீர் எதுவரை நிற்கிறது, எது எங்கே கூடு வைக்கிறது, மாடு எந்த வழியில் வருகிறது, பெண்கள் விறகுக்கு எந்தப் பக்கம் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் மேய்ப்பவர்களும் அதில் இருக்கட்டும். அந்த வருஷத்தில் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். மார்ச்சுக்குள் நிதியைச் செலவு செய்தாக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், கழிப்பறையையும் மேற்கு மூலைக் குடிநீர்க் குழாயையும் கட்டுங்கள். அவை எப்படியும் வேண்டியவைதான்.